பக்கம் இருபத்தேழு

பத்து ரூபாய் வில்லை ஒட்டிய மனு.
நீல மை. எழுத்துகள் ஒன்றையொன்று இடிக்காமல்
வரிசையில் நிற்கின்றன.
"வாரியத் தலைவர் அவர்களின் அரசு வாகன ஓட்டப் பதிவேடு,
வெள்ளம் வந்த வருஷம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை,
நகல் தேவை.
இப்படிக்கு, அ. வரதராஜுலு, பெரம்பூர்."

சேப்பாக்கத்தில் மூன்றாவது மாடி.
என் தலைக்கு மேல் சுற்றும் விசிறி
கோப்புகளைப் புரட்டும், படிக்காது.
படிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

அந்தப் பதிவேடு எனக்குப் புதிதில்லை.
டிசம்பர் இரண்டு:
சென்னை – நாகர்கோவில், போக வர 1,412 கிலோமீட்டர்.
நோக்கம்: குடிநீர்த் தட்டுப்பாடு குறித்து நேரடி ஆய்வு.
டீசல், தங்கும்படி, உணவுப்படி.
ஓட்டுநர் தணிகாசலம் கையொப்பம்,
கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கி.

டிசம்பர் இரண்டு அன்று
வேளச்சேரியில் எங்கள் மொட்டை மாடியில்
பதினேழு பேர் இருந்தோம்.
கீழே தெருவில், கூரை மட்டும் தெரிய
ஒரு வெள்ளை இன்னோவா.
சுழல் விளக்கைச் சுற்றி ஆகாயத்தாமரை.
"தலைவர் பொண்ணை இறக்கிவிட வந்தேன்,
அவங்க படகுல போயிட்டாங்க" என்றார் அதன் ஓட்டுநர்.
ஒரு பால் பாக்கெட்டை
ஐந்து குழந்தைகளுக்குப் பங்கிட்டபோது
தன் பங்கு தண்ணீரையும் நகர்த்தி வைத்தார்.
பெயர் கேட்டேன். சொன்னார்.

மார்ச்சில் பில் வந்தது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
"அன்றைய தினம் வாகனம் எங்கிருந்தது?"
மாலையில் கோப்பு திரும்பியது
ரப்பர் துகள்களோடு.
ஹெப்சிபா மேடம் கெட்டவர் இல்லை.
"உனக்கு ரிட்டயர்மென்டுக்கு
இன்னும் எவ்வளவு வருஷம் இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.
இருபத்தொன்று.
துகள்களை ஊதித் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

(இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.)

அதே மாதம், செங்கல்பட்டுக்குத் தணிக்கைக்குப் போய்வந்த
என் பயணப்படியில் பதினோரு ரூபாய் வெட்டு.
டிக்கெட் மழையில் நனைந்து
தேதி அழிந்துவிட்டதாம்.

இன்று நகலை வாங்க அவரே வந்தார்.
வெள்ளைச் சட்டை, பையில் குடை,
காதில் பேனா.
"முப்பத்தோரு வருஷம் கண்டக்டரும்மா.
ராத்திரி டிப்போவுல பையைக் கொட்டி எண்ணும்போது
ஒத்த ரூபா குறைஞ்சா கைக்காசு போடணும்.
கூட இருந்தா இன்னும் மோசம்,
மெமோ குடுப்பாங்க."
சிரித்தார். அதற்குள் விரலை எச்சில் தொட்டு
தாள்களை எண்ணத் தொடங்கிவிட்டார்,
டிக்கெட் கட்டைத் தள்ளுகிற அதே வேகத்தில்.

நின்றது கை.
மறுபடி முதலிலிருந்து.

"நாப்பத்திமூணு பக்கத்துக்கு எண்பத்தாறு ரூபா கட்டியிருக்கேன்.
நாப்பத்திரெண்டுதான் இருக்கு.
இருபத்தாறுக்கு அப்புறம் இருபத்தெட்டு வருது."
கவுன்டர் கண்ணாடியில் விரலால் தட்டினார்.
"ரெண்டு ரூபா வேணாம். பக்கத்தைக் குடுங்க."

உள்ளறையில் ஹெப்சிபா மேடம்
ஏற்கெனவே துடைத்த மேசையைத்
துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்
தண்ணீருக்கடியில் நின்றபடியே ஓடிய வண்டி
எனக்கும் அவருக்கும் நடுவில்,
கவுன்டர் அளவுக்கு ஒரு இடத்தில்,
நின்றது.

"மேல்முறையீடு போடுங்க சார்" என்றேன், விதிப்படி.
பிறகு குரலைத் தாழ்த்தி:
"தேதி டிசம்பர் ரெண்டு.
வேளச்சேரி. வண்டி தண்ணிக்குள்ள.
மாடியில பதினேழு பேரு."

காதிலிருந்து பேனாவை எடுத்தார்.
வந்த பேருந்து டிக்கெட்டின் பின்பக்கத்தில்
சின்னச் சின்னதாக எல்லாவற்றையும் எழுதினார்,
ஒரு ஓரத்தில் மட்டும் இடம் விட்டு.

"சாட்சி பேரு?" என்றார்
நிமிராமல்,
சில்லறை பாக்கியைக் கேட்கிற குரலில்.